ஓரா மீன்: அதன் அடையாளமும் இருப்பிடமும்

நெல், கடலை, கால்நடை, கண்மாய் பராமரிப்பு ஆகிய விஷயங்களையே வழக்கமாய்த் தாங்கிவரும் பக்கங்களில் கடல்மீன் ஒன்றைக் குறித்துப் பாடம் எழுதுவது சிலருக்கு வியப்பாய்த் தோன்றலாம். சிவகங்கை மாவட்டத்திற்குக் கடற்கரையே கிடையாது. எனினும் காரைக்குடி, தேவகோட்டை முதலிய ஊர்களின் சந்தைகளுக்குக் கிழக்கே தொண்டியிலிருந்தும், தெற்கே தேவிபட்டினம், மண்டபம், பாம்பன் முதலிய துறைகளிலிருந்தும் மீன் வந்து சேர்கின்றது. அவ்வாறு வரும் கலப்பு மீன் கூடையில் ஓரா என்னும் மீனும் இருப்பதுண்டு. அது விஷமுள்ளுடன் வருவது. ஆதலால் அதை வாங்குவோரும் ஆய்வோரும் அதன் அடையாளத்தை அறிந்திருத்தல் அவசியம்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் கண்மாய்கள் பெருகிக் கலுங்கு பாயும் காலத்தில் அந்நீர் பாம்பாறு முதலிய சிற்றாறுகளின் வழியே கிழக்கு நோக்கிச் சென்று பாக்கு விரிகுடாவில் கலக்கின்றது. ஓரா மேயும் நிலம் அவ்விரிகுடாவிலேயே இருக்கின்றது. நம் வயல் வரப்பிலிருந்து கரைந்தோடும் மண் எங்கே போய்ப் படிகின்றது என்பதைக் குடியானவர் அறிய இம்மீன் ஒரு நல்ல வழிகாட்டியாகும்.

பெயரும் இனமும்

இராமநாதபுரம் கடற்கரையிலும், பாக்கு நீரிணைக்கு அப்பால் இலங்கைத் தமிழரிடையிலும் ஓரா என்ற பெயரே வழங்குகின்றது. இப்பெயர் ஒரே ஓர் இனத்தைக் குறிப்பதன்று. சிகானஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த பலவற்றையும் மீனவர் ஓரா என்றே அழைப்பர். உலகில் இப்பேரினத்தில் ஏறக்குறைய 30 இனங்கள் உள்ளன. சிகானஸ் என்ற சொல், செங்கடற்கரை அராபியர் இம்மீனுக்கு வழங்கிய பெயரிலிருந்து எடுக்கப்பட்டது.

நம் பக்கத்துக் கடலில் மிகச் சாதாரணமாய் அகப்படுவது சிகானஸ் கனாலிகுலேட்டஸ் என்பது. இதை முதன்முதல் சாஸ்திர முறைப்படி வருணித்தவர் மங்கோ பார்க். சுமாத்திரா தீவுக்குக் கப்பலில் உதவி வைத்தியராய்ச் சென்றுவந்த அவர், அங்கே கண்ட எட்டு மீன்களைக் குறித்து எழுதிய கட்டுரை 1797-ஆம் ஆண்டில் அச்சாயிற்று. ஆப்பிரிக்காவின் நைஜர் ஆற்றை ஆராய்ந்து புகழ்பெற்றவரும் அவரே. ஆற்றைத் தேடிப் போனவரின் பெயர் உலகெங்கும் தெரியும். மீனைப் பார்த்தெழுதியவரும் அவரென்பதை அறிந்தோர் சிலரே. கனாலிகுலேட்டஸ் என்ற இலத்தீன் சொல்லுக்குச் சிறு வாய்க்கால் உடையது என்பது பொருள்.

அடையாளம் காணும் முறை

மீனை நிறத்தால் அறிய முயல்வோர் பெரும்பாலும் ஏமாறுவர். ஓராவின் விஷயத்தில் இது முற்றும் உண்மை. உயிரோடிருக்கையில் சாம்பற் பச்சையாகவோ பழுப்பாகவோ தோன்றும் மேற்புறமும் வெள்ளி போன்ற அடிப்புறமும் உடைய இது, அச்சமுற்ற காலத்திலும் இரவிலும் திட்டுத்திட்டாய் நிறம் மாறிவிடும். செத்தபின் வேறொரு நிறம் கொள்ளும். ஆகையால் நிறத்தை இரண்டாவதாய் வைத்துக்கொண்டு, முட்களை எண்ணுவதே முதல் வேலையாகும். எண்ணிக்கை மாறாது.

முதுகுத் துடுப்பில் வன்மையான முட்கள் 13 இருக்கும். அவற்றின் பின் மென்மையான கதிர்கள் 10. அடிப்புறத்தில், மலத்துவாரத்தின் பின்னுள்ள துடுப்பில் முட்கள் 7, மென்கதிர்கள் 9. இவ்வளவோடு நில்லாமல் வயிற்றுத் துடுப்பைப் பார்க்க வேண்டும். நாம் வாங்கும் கடல்மீன்களில் பலவற்றிற்கு வயிற்றுத் துடுப்பு ஒவ்வொன்றிலும் ஒரு முள்ளும் ஐந்து மென்கதிர்களுமே உண்டு. ஓராவுக்கோ, வெளி ஓரத்தில் ஒரு முள், உள் ஓரத்தில் ஒரு முள், நடுவே மூன்று மென்கதிர்கள் என அமைந்திருக்கும். இருபுறமும் முளை அடித்து நடுவே கயிறு கட்டினாற்போன்ற இவ்வமைப்பு இக்குடும்பத்திற்கே உரியது. இதைக் கண்டால் வேறு சான்று தேடவேண்டிய அவசியமில்லை. ஆக, முதுகில் 13, அடியில் 7, வயிற்றில் 4, மொத்தம் 24 முட்கள். இவையன்றி முதுகுத் துடுப்பின் முன்னே, தலைப்பக்கம் நோக்கிப் படுத்தவாறு ஒரு சிறு முள் தோலிற் புதைந்திருக்கும்; அதை விரலால் தடவித் தேடலாகாது.

உடல் நீள்வட்டமாய், இருபக்கமும் அமுங்கித் தட்டையாய் இருக்கும். செதிள்கள் மிகச் சிறியவை. செதிளே இல்லாத வழவழப்பான தோலைப்போல் காணப்படும். வாய் சிறியது, முன்னோக்கி நீளாதது. பற்கள் ஒரே வரிசையாய் நெருங்கி, ஆட்டின் முன்பற்களைப்போல் புல்லைக் கத்தரிப்பதற்கு ஏற்றவாறு அமைந்திருக்கும்.

இவையெல்லாம் ஓராக் குடும்பத்தின் பொது அடையாளங்கள். இனம் பிரிக்க இனி நிறத்தைப் பார்க்கலாம். கனாலிகுலேட்டஸ் என்னும் ஓராவின் பிடரியிலும் விலாவிலும் முத்துநிறப் புள்ளிகள் நெருக்கமாய்த் தூவப்பட்டிருக்கும். தலைக்குப் பின்னே, பக்கக்கோடு தொடங்கும் இடத்திற்குச் சற்றுக் கீழே மங்கிய கரும்படலம் ஒன்று பலவற்றில் தெரியும். சாதாரணமாய் 8 அங்குல நீளமும், பெருத்தால் 12 அங்குலம் வரையும் வளரும். ஜாவஸ் என்னும் ஓராவுக்கு மேற்பாதியில் வெண்புள்ளிகளும், கீழ்ப்பாதியில் அலையலையான வெண்கோடுகளும் உண்டு, இது பெரியது, 20 அங்குலத்திற்கு மேலும் வளரக்கூடியது, கழிமுகத்து உவர்நீரிலும் புகும். லினியேட்டஸ் என்னும் மூன்றாவது, பார்களை ஒட்டி வாழ்வது; விலாவில் பொன்னிறக் கோடுகளும், முதுகுத் துடுப்பின் பின்கோடியில் மஞ்சள் நிறத் திட்டும் பெற்றிருக்கும்.

சந்தையில் ஓராவோடு மயங்கக்கூடிய மீன்கள் சில உண்டு. கிளிமீனும் பாரில் மேய்வதே. ஆனால் அதன் செதிள் பெரியது. பற்கள் ஒன்றாய் இணைந்து கிளியின் அலகைப் போலிருக்கும். விளைமீனுக்கும் செதிள் பெரியது. காரலின் வாய் இழுத்தால் குழல்போல் நீளும். வாலின் அடியில் இருபுறமும் கத்தி போன்ற ஒற்றை முள்ளுடைய தட்டையான பார்மீன் ஒன்று உண்டு. உருவத்தில் ஓராவை மிக ஒத்திருப்பது அதுவே. ஓராவின் வாலடியில் முள் ஏதும் கிடையாது.

விஷமுள்ளும் பரிகாரமும்

ஓராவின் 24 முட்களிலும் பள்ளம் உண்டு. அப்பள்ளங்களில் விஷச் சுரப்பிகள் உள்ளன. முள் குத்தினால் தேள் கொட்டினாற்போன்ற கடுப்பு உடனே தோன்றிச் சில மணி நேரம் நீடிக்கும். இதனால் உயிருக்கு ஆபத்து நேர்வது அரிது. ஆயினும் வீக்கமும் சீழும் கண்டு, கூலிக்குப் போக முடியாமல் கிடக்கும்படி நேரிடலாம். மீன் செத்துவிட்டது என்பதால் முள் சும்மா இருக்குமென்று நினைக்கலாகாது.

இவ்விஷம் புரதப் பொருளாதலால் சூட்டில் கெடுவது. குத்துண்ட விரலில் முள் முறிந்து தங்கியிருப்பின் அதை நீக்கிக் கழுவி, பின் கை தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வைத்திருந்தால் கடுப்பு தணியும். நீரின் சூடு 45 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்படலாகாது. கடுப்பு மிகுந்த கைக்குச் சூடு சரியாய்த் தெரியாதாகையால், காயம்படாத கையால் முதலில் பரீட்சித்துக் கொள்ளுதல் வேண்டும். பின்னர் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று காயத்தைக் காட்டித் தனுர்வாத ஊசியைக் குறித்துக் கேட்க வேண்டும். காயத்தின்மேல் சுண்ணாம்பையும் புகையிலையையும் வைத்துக் கட்டும் வழக்கம் புண்ணைப் பெருக்குமேயன்றி விஷத்தை முறிக்காது.

ஆயும்போது தலைப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, கத்தரிக்கோலால் முதுகு, வயிறு, அடித் துடுப்புகளை முதலில் வெட்டியெறிந்துவிட்டால் பின் அச்சமில்லை. வாலிலிருந்து தலையை நோக்கிக் கையை ஓட்டுவதே பெரும்பாலும் குத்து வாங்கச் செய்வது. மாமிசத்தில் விஷம் கிடையாது, நல்ல சுவையுடையது. பாரசீக வளைகுடாவில் அராபியர் இதைச் சாபி என்று பெயரிட்டு விரும்பி உண்பர். அங்கே வேலைக்குச் சென்றுவந்த நம்மவர் பலர் இதை அப்பெயராலும் அறிவர். குடல் நீண்டு, மென்ற புல்லும் பாசியும் நிறைந்திருப்பதால் விரைவில் நாறும். ஆகையால் வீட்டுக்கு வந்தவுடன் குடலை நீக்கிவிடுவது நலம்.

இருப்பிடம்

ஓராவின் இருப்பிடம் இரண்டு நிலங்கள் சேர்ந்தது: ஒன்று பார், மற்றொன்று கடற்புல் வெளி. கடலடிப் பாறைத்திட்டைப் பார் என்றும், பவழப் பூச்சிகள் கட்டிய கல்லை முருகைக்கல் என்றும் வழங்குவர். மண்டபத்திலிருந்து இராமேசுவரம் வரை பாக்கு விரிகுடாப் பக்கத்தில் கரையை ஒட்டியவாறு ஒரு பவழப்பார் ஓடுகின்றது. நீர் அங்கே மிகவும் ஆழம் குறைந்தது. தெற்கே மன்னார் வளைகுடாவில், பாம்பன் தொடங்கித் தூத்துக்குடி வரை 21 சிறு தீவுகள் வரிசையாய் அமைந்துள்ளன. மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு கூட்டமாய் அவற்றைப் பிரிப்பர். ஒவ்வொரு தீவையும் சுற்றிப் பவழப்பார் உண்டு. 1986-ஆம் ஆண்டில் இத்தீவுகளும் சூழ்ந்த கடலும் சேர்ந்த 560 சதுர கிலோமீட்டர் பரப்பு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

மண்டபத்து மீனவர் பாக்கு விரிகுடாவை வடகடல் என்றும், மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் கூறுவர். வடகிழக்குப் பருவக்காற்றில் வடகடல் கொந்தளித்துக் கலங்கும். தென்மேற்குக் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும். ஒரு நிலத்தின் இருபுறத்தும் இருவேறு பருவமுடைய கடல்கள் அமைந்திருப்பது நம் கரையின் விசேஷமாகும்.

கடற்புல்லைத் தாழை என்று மீனவர் சொல்லக் கேட்கலாம். இது பாசியன்று. வேர், கிழங்குத்தண்டு, இலை, பூ, விதை யாவும் உடைய உண்மையான செடி. கடல்நீருக்கடியிலேயே பூத்துக் காய்ப்பது. பெயர் புல் எனினும் நெல்லின் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. நம் கண்மாய்களில் முளைக்கும் கொட்டிச் செடிக்குத் தூரத்து உறவு. சராசரி 9 மீட்டர் ஆழமே உடைய பாக்கு விரிகுடாவில் சூரிய ஒளி அடிவரை எட்டும் இடங்களிலெல்லாம் இப்புல் வெளி வெளியாய்ப் பரந்துள்ளது. ஆவுளியா என்னும் கடற்பசுவும் இதையே மேய்ந்து வாழ்கின்றது. அதன் பாதுகாப்பிற்கென 2022-ஆம் ஆண்டில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் ஒதுக்கப்பட்டது.

ஓராவின் முட்டைகள் அடியில் ஒட்டிக்கொள்ளும் தன்மையுடையவை. பல ஓரா இனங்கள் அமாவாசையை ஒட்டிய நாட்களில் கூட்டமாய்க் கூடி முட்டையிடுகின்றன எனப் பிற நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. பொரித்த குஞ்சுகள் சில வாரம் திறந்த கடலில் மிதந்து திரிந்து, பின் கடற்புல்லிலும் பாசி படர்ந்த ஆழமற்ற பாரிலும் வந்து சேரும். நாற்றங்காலில் பயிர் தலையெடுப்பதுபோல் அங்கே ஒளிந்து மேய்ந்து வளர்ந்து, பெருத்தபின் ஆழமான பார்களை நாடிச் செல்லும். புல்வெளி அழிந்தால் பாரில் மீன் குறைவதன் காரணம் இதுவே. பகலில் மந்தையாய் மேயும் இவற்றை மீனவர் கூடு வைத்துப் பிடிக்கின்றனர். கூட்டில் ஓராவோடு கிளிமீனும் களவாவும் அகப்படும்.

களையெடுப்பவனும் பயிரழிப்பவனும்

பவழப் பூச்சி மிக மெதுவாய் வளர்வது. பாசியோ சில நாட்களில் மூடிவிடும். மேய்வதற்கு மீன் இல்லையேல் பாரின் முகத்தைப் பாசி போர்த்துவிடும். புதிய பவழக் குஞ்சு ஒட்டுவதற்கு வெற்றுக்கல் அகப்படாது. ஆகவே பாருக்கு ஓராவும் கிளிமீனும் களையெடுக்கும் ஆட்களாய் அமைந்துள்ளன. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் மிதமிஞ்சிச் சூடேறியமையால் மன்னார் வளைகுடாப் பவழங்கள் வெளுத்து, அவற்றிற் பல மாண்டன. மாண்ட கல்லின்மேல் பாசி முந்துமா, பவழம் முந்துமா என்னும் போட்டியில் மேயும் மீன்களின் தொகை பெரிதும் கணக்கிற்கு உரியது.

ஆனால் இதே மீன் மற்றோரிடத்தில் பயிரழிப்பதாய்க் கருதப்படுகின்றது. மண்டபம் கரையில் மீனவப் பெண்கள் மூங்கில் மிதவைகளில் கப்பாபைகஸ் என்னும் வெளிநாட்டுப் பாசியைப் பயிரிட்டு விற்கின்றனர். அதன் இளந்தளிரை ஓராக்கள் கறித்துவிடும். மிதவையின் அடியில் வலை கட்டியே காக்க வேண்டியுள்ளது. கம்பங்கொல்லைக்காரருக்குக் கிளியைப்பற்றி என்ன அபிப்பிராயமோ, பாசி வளர்ப்போருக்கு ஓராவைப்பற்றி அதே அபிப்பிராயம். நிற்க, அப்பாசியே குருசடைத் தீவின் பவழங்கள்மேல் தாவிப் படர்ந்தது என 2008-இல் ஆராய்ச்சியாளர் தெரிவித்தனர். களை எது, பயிர் எது என்பது இடத்தைப் பொறுத்தது போலும்.

இடம் மாறினால் குணமும் மாறும் என்பதற்குப் பெரியதோர் உதாரணம் மத்தியதரைக் கடலில் உண்டு. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின், செங்கடல் ஓராக்கள் இரண்டு இனம் அதன் வழியே வடக்கே சென்றன. அவற்றுள் ஒன்று 1920-களிலேயே பாலஸ்தீனக் கரையில் காணப்பட்டது. அங்கே இவற்றிற்கு ஈடாய் மேயும் மீன்கள் மிகக் குறைவு. ஆகையால் பாசிகளும் தக்க எதிர்ப்பின்றி வளர்ந்திருந்தன. இன்று துருக்கி, கிரேக்க நாட்டுக் கரைகளில் பாசிக்காடு அடர்ந்திருந்த பாறைகள் பல, ஆடு மேய்ந்த குன்றுபோல் மொட்டையாய்க் கிடக்கின்றன. அங்குள்ளோர் ஓராவை அதிகமாய்ப் பிடித்துண்ணுமாறு தூண்டப்படுகின்றனர். நம் கரையிலோ அது குறையாதபடி பார்த்துக்கொள்ள வேண்டியுள்ளது.

கிராம அலுவலரும் குடியானவரும் கவனிக்க வேண்டியவை

மன்னார் வளைகுடாவில் பல்லாண்டுகளாய் முருகைக்கல்லை வெட்டியெடுத்துக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினர். கட்டிடத்திற்கும் ஆலைகளுக்கும் அது போயிற்று. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரண்டு தீவுகள் நீரில் மூழ்கியமைக்கு இவ்வாறு கல் வெட்டியதே முக்கிய காரணம் எனக் கருதப்படுகின்றது. 2001-ஆம் ஆண்டில் பவழங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றமாகும்.

செட்டிநாட்டில் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலை ஓயாமல் நடப்பதால் சுண்ணாம்புக்கு இன்னும் தேவை உண்டு. மீன்குளங்களுக்கும் சுண்ணாம்பு இடுகின்றனர். கிளிஞ்சல் சுண்ணாம்பும் மலைக்கல் சுண்ணாம்பும் தாராளமாய் அகப்படும்போது வேறொன்றை நாடவேண்டியதில்லை. சுடாத கல்லைப் பார்த்தால் முருகைக்கல்லை அறிவது எளிது: எடை குறைந்து, முகமெங்கும் நட்சத்திரம் அல்லது பூப்போன்ற சிறு குழிகள் ஒழுங்காய் நிறைந்திருக்கும். இத்தகைய கல் புதிதாய் வண்டியில் வந்திறங்கக் கண்டால், இராமநாதபுரத்திலுள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்திற்குத் தெரிவிக்கலாம். பழைய சுவரிலிருக்கும் கல்லைக் குறித்து எவரும் அஞ்சவேண்டியதில்லை.

அடுத்தது மண். கடற்புல்லுக்கு ஒளி வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வரப்பும் கரையும் அரித்து ஓடும் செம்மண் நீர், ஏற்கெனவே கலங்கிய வடகடலை மேலும் கலக்குகின்றது. வண்டல் புல்லின்மேல் படிந்து மூச்சடைக்கச் செய்கின்றது. மிகுதியாய் இட்ட தழைச்சத்து உரம் நீரோடு சென்றால் புல்லின் இலைமேல் நுண்பாசி படர்ந்து அதே கேட்டை விளைக்கும். இழுவை மடி அடியைச் சுரண்டிச் செய்யும் சேதம் இதனினும் நேரடியானது. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் நிறுத்தப்பட்டாலும், ஆண்டின் மற்ற மாதங்களில் அது நடக்கின்றது. அதை நாம் தடுக்க இயலாது. ஆனால் பெருமழைக்கு முன்னாள் யூரியா வீசாதிருப்பதும், வரத்துக்கால் கரையில் வெட்டிவேரோ புல்லோ வைத்து மண்ணை நிறுத்துவதும் நம் கையில் உள்ளவை. மண்ணும் உரமும் நம் காசே.

ஊருணியிலும் கண்மாயிலும் ஓராவை வளர்க்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். இயலாது. உப்பு ஓரளவு குறைந்த நீரை இது தாங்கும், நன்னீரில் பிழைக்காது. பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளில் கடலோர வேலிகளிலும் கூண்டுகளிலுமே வளர்க்கின்றனர். நன்னீர்க் குளத்திற்கென்று ஓராக் குஞ்சு விற்க வருவோரிடம் பணம் கொடுக்கலாகாது. நம் குளங்களுக்குக் கட்லா, ரோகு, மிர்கால் என்னும் கெண்டை வகைகளே ஏற்றவை.

சந்தையில் இன்னதென்று தெரியாத பார்மீன் கண்டால், மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலைய மையத்திலோ, அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொண்டி வளாகத்திலோ காட்டிக் கேட்கலாம். மீனைப் பனிக்கட்டியில் வைத்து அன்றே கொண்டுசெல்வது சிறந்தது. தாமதமாகுமெனில் ஒரு பங்கு பார்மலினுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து அதில் மூழ்க வைக்கலாம். அதன்பின் அம்மீனை உண்ணலாகாது. குழந்தைகளுக்கு எட்டாதவாறு வைக்க வேண்டும். படம் மட்டும் எடுத்து அனுப்புவோர், மீனின் தலை இடப்பக்கம் இருக்குமாறு கிடத்தி, துடுப்புகளைக் குச்சியால் விரித்து, அருகே ஓர் அளவுகோல் வைத்து எடுத்தல் வேண்டும். பிடித்த துறை, தேதி, கூடா வலையா என்பது, நீரின் ஆழம், அடியில் பாரா புல்லா மணலா என்பது, மீனவர் சொன்ன பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிச் சேர்க்கவும்; மை நீரில் கரையும்.